துண்டுக்குப் பின்னால் சொன்னது

எங்கள் சலவை ஆலையில் யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. பேசுவார்கள். காலையில் கதவு திறந்ததிலிருந்து வம்பும் வழக்கும் ஓயாமல் நடக்கும். ஆனால் சத்தம் வராது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் இயந்திரங்கள் ஒரு வரிசை, உலர்த்தும் டிரம்கள் ஒரு வரிசை, இஸ்திரி போடும் நீராவி உருளைகள் ஒரு வரிசை. எல்லாம் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் வெறும் காற்றுதான் போய்ச் சேரும். அதனால் எல்லோரும் உதட்டால் பேசுவார்கள். வாயை அகலத் திறந்து, பல்லும் நாக்கும் தெரிய, ஒவ்வொரு சொல்லையும் மென்று காட்டுவார்கள். இந்தக் கோடியில் மடிப்பு மேசையில் நிற்பவர் "உன் சட்டைப் பொத்தான் மாறியிருக்கு" என்று உதட்டை அசைத்தால், அந்தக் கோடியில் டிரம் தள்ளுபவன் குனிந்து பார்த்துச் சரிசெய்துகொள்வான்.

வேறு நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன் நான். சேர்ந்த புதிதில் இது எனக்குப் பெரிய கிலியாக இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது என்னைப் பார்த்து எதையோ மென்றுகொண்டிருந்தார்கள். என்னைத்தான் ஏதோ சொல்கிறார்கள், வேலை அனுமதியைப் பிடுங்கிக்கொண்டு விமானம் ஏற்றிவிடப் போகிறார்கள் என்றே நினைத்தேன். சில மாதங்களில் உதடு படிக்கப் பழகிய பிறகுதான் தெரிந்தது. என்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பேச்சு விமானத்தைப் பற்றியல்ல, நான் நடக்கும் லட்சணத்தைப் பற்றி.

அந்தக் கூடத்தின் மேற்பார்வையாளரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நேரில் அவர் சார். முதுகுக்குப் பின்னால் இடி. வாலிபத்தில் பஸ் நிலையத்தில் நின்று ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவர். அவர் கூவலை நம்பித் தப்பான பஸ்ஸில் ஏறிய ஒரு பெண், இறங்கி வந்து அவரோடு சண்டை பிடித்து, அந்தச் சண்டையை முடிக்க முடியாமல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். பிறகு ஆலையில் ஈரத்துணி தூக்கும் ஆளாகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். இயந்திரங்களை மீறிக் கேட்கக்கூடிய ஒரே மனிதக் குரல் அவருடையது. யாராவது கவனமில்லாமல் உருளைப் பக்கம் கையை நீட்டினால் "ஏய்!" என்பார். அந்த ஒரு ஏய்க்குக் கூடமே சிலையாகும். அந்த ஏயின் புண்ணியத்தில்தான் எங்களில் பலருடைய விரல்கள் இன்னும் கையோடு இருந்தன.

அவருக்குக் காது கேட்காது.

இயந்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்துவிட்டன. கூடத்துக்குள் இது யாருக்கும் தெரியவில்லை. அங்கே யாருக்குத்தான் என்ன கேட்கிறது? ஆனால் ஒரு விதி இருந்தது. பாய்லரில் நீராவி எல்லை மீறினால் ஒரு விசில் ஊதும், சங்கிலியைப் பிடித்து இழுத்தாலும் ஊதும். அது மட்டும் அத்தனை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வரும். அது ஊதியதும் மேற்பார்வையாளர் ஓடிப்போய் உருளைகளுக்குப் போகும் நீராவியை அடைக்க வேண்டும். விசில் காதில் விழாதவர் கூடத்தில் மேற்பார்வை பார்க்கக் கூடாது. வெளியே தெரிந்தால் அன்றைக்கே நாற்காலி போய்விடும்.

அதனால்தான் அவர் எப்போதும் கூடத்தின் ஓரமாக ஓடும் இரும்புக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். விசில் ஊதினால் கம்பி வேறு மாதிரி நடுங்கும் என்பது அவர் கணக்கு. அதுவரை கணக்கு தப்பவில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் அவர் மனைவியும் நானும்தான். எனக்குத் தெரிந்தது ஒரு வேனால். வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பின்னால் துணி வேன் வந்து ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது, அழுவதுபோல நீட்டி அடித்து ஓய்ந்தது. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு உலக நடப்பு பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் தோளைத் தொட்டுப் பின்னால் காட்டினேன். திரும்பினார். வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் குரலில்லாமல். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள."

மனைவி வெகுநாளாக இதோடு குடித்தனம் நடத்துகிறவர். ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அம்மா அடுப்பைப் பார்த்து நின்றபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிறுத்தாமல் பேசினார். இவர் இடையிடையே "ஆமா, ஆமா" என்று போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா தம்பி?" என்று அந்த அம்மா கரண்டியோடு திரும்பினார். "எல்லாத்துக்கும் ஆமாதான். நேத்து நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் ஆமான்னாரு."

"நீதான் முதுகைக் காட்டிப் பேசுறே," என்றார் இடி.

"அப்ப சோத்தை யாரு பாக்குறது?"

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியின் குறுக்கே தலைமை அலுவலகம் வந்து நின்றது. ஆட்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று ஆராய்ந்து, மேலாளர்கள் யாரும் ஊழியர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே எல்லாக் கிளைகளின் மேற்பார்வையாளர்களும் மனநல ஆலோசனைப் பயிற்சிக்கு வரவேண்டும், தேறாதவர்கள் அந்தப் பதவியில் நீடிக்க முடியாது என்று உத்தரவு.

"புத்தகம் இங்கிலீஷ்ல இருக்காம். ரெண்டு மொழியும் படிச்ச ஆள் ஒருத்தர் எனக்குத் துணைக்கு வேணும்," என்று மேலிடத்தில் சொல்லி என்னை இழுத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது என் இங்கிலீஷ் அல்ல, என் உதடு.

பயிற்சி நடந்த இடம் ஒரு ஓட்டலின் கம்பளம் விரித்த அறை. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. எங்கள் இருவருக்கும் அதுவே குலை நடுக்கம். பயிற்சி கொடுக்க வந்த மேடம் பஞ்சில் சுற்றி வைத்ததுபோல மெல்லப் பேசினார். பாடம் இதுதான். நேருக்கு நேர் உட்காராமல் சற்றுச் சாய்வாக உட்கார வேண்டும். முகத்தையே உற்றுப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் மங்கலாக இருக்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. அவர் சொன்னதையே நம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அழுதால் துடைக்க ஏதாவது கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் நான் உதட்டால் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, இடியின் முகம் இருண்டுகொண்டே போனது. உதட்டை நம்பிப் பிழைப்பவனைப் பார்த்து, உற்றுப் பார்க்காதே, சாய்ந்து உட்கார், விளக்கைக் குறை என்றால் அவன் எங்கே போவான்? பயிற்சி மேடம் நடந்துகொண்டே பேசுகிறவர். அவர் போகும் பக்கமெல்லாம் இடி நாற்காலியோடு திரும்பினார். மேடம் பலகைப் பக்கம் திரும்பினால் சடக்கென்று என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் இவரைப் பாருங்க," என்றார் மேடம் நெகிழ்ந்துபோய். "என்ன ஒரு கவனம்!"

பிறகு நடித்துக் காட்டும் கட்டம். மேடம் துயரப்படும் ஊழியராக நடிப்பார், மேற்பார்வையாளர்கள் ஒவ்வொருவராக எதிரே உட்கார்ந்து ஆறுதலாகக் கேட்க வேண்டும். முதலில் போனவர் ஒரு கிடங்கு மேலாளர். "வீட்டுல பிரச்சினை சார், அதான் தினமும் லேட்டாகுது," என்று மேடம் தழுதழுத்ததும், "வீட்டை விட்டுச் சீக்கிரமாக் கிளம்பிடுங்க, பிரச்சினை பாதியாயிடும்," என்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

இடி போய் உட்கார்ந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். மேடம் எடுத்த எடுப்பிலேயே இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்லி விசும்பினார்.

உதடு போய்விட்டது. இடிக்கு இனி உலகமே இல்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேடம் கைகளுக்குள்ளிருந்தே இவர் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வரவில்லை. அப்புறம் மேடம் மெதுவாக வேறு எதையோ பேச ஆரம்பித்தார். எழுதி வைத்த வசனம் இல்லை அது. தன் மேலதிகாரி ஒருநாளும் தன்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை என்றார். வீட்டிலும் அப்படித்தான் என்றார். இத்தனை வருஷமாக மற்றவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறேன், நான் சொல்வதை யார் கேட்டார்கள் என்றார். நிஜமாகவே அழுதார்.

மேடம் கையை எடுத்தபோது இடி அவருடைய நனைந்த முகத்தைப் பார்த்தார். பாடத்தில் சொன்னது ஞாபகம் வந்தது.

"ம். மேல சொல்லுங்க," என்றார்.

மேடம் மறுபடி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பயிற்சியில் முதல் ஆளாகத் தேறினார் இடி. "இப்படி ஒரு கேட்கிற மனிதரை நான் பார்த்ததில்லை," என்று மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார். திரும்பும் வழியில் பஸ்ஸில் இடி என்னிடம் கேட்டார்:

"அந்தம்மா என்னதான் சொன்னாங்க தம்பி?"

சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வெகுதூரம் வந்தார். "பாவம்," என்றார் கடைசியில், பஸ் முழுக்க அதிர.

ஆலோசனை அறைக்கு ஆலையில் இடம் பார்த்தார்கள். கதவு மூடக்கூடிய ஒரே இடம் புதுத் துணிகளை அடுக்கி வைக்கும் உள்ளறை. நாலு சுவரிலும் கூரை வரைக்கும் துண்டும் தலையணை உறையும். அதன் நடுவில் ஏதோ ஓட்டல் தள்ளிவிட்ட இரண்டு சோபாக்கள். துணியெல்லாம் சத்தத்தை உறிஞ்சிவிட, கூடத்து இரைச்சல் கதவோடு நின்றுவிடும். கதவில் ஒரு கண்ணாடி இருந்தது. அதன் மேல் இடி முதல் வேலையாக ஒரு தலையணை உறையைத் தொங்கவிட்டார். எங்கள் ஆலையில் ரகசியம் கசிவது காது வழியாக அல்ல.

விளக்கைக் குறைக்கவில்லை. சோபாக்களை நேருக்கு நேராகப் போட்டார். வந்தவர்களுக்கு அது வித்தியாசமாகத் தோன்றவில்லை. அவர்களும் பழக்கதோஷத்தில் குரலில்லாமல்தான் பேசினார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் அறையில், எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேர் வாயை அகல அகலத் திறந்து, ஒரு சத்தமும் இல்லாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்க வந்த கணக்குப்பிள்ளை, ஆலோசனை என்றால் தியானம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நல்லபடியாகத்தான் போயிற்று, அழுகை ஆரம்பிக்கும் வரை. கண்ணைத் துடைக்கக் காகிதத் துவாலை வாங்கித் தரத் தலைமை அலுவலகம் மறந்துவிட்டது. அறையில் இருந்ததோ குளியல் துண்டுகள். பெரிசு, மெத்தென்று, புதுசு. வந்தவர்கள் அதை வாங்கி முகம் முழுக்கப் பொத்திக்கொண்டார்கள். விஷயத்தின் கரு எப்போதும் துண்டுக்குப் பின்னால்தான், குரலோடு வெளியே வந்தது. இடிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு துண்டு குலுங்குவது மட்டும். குலுக்கல் நின்றதும் தலையை ஆட்டி, "உங்க மனசு என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க," என்பார். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அவர்களும் செய்தார்கள்.

ஒரு நாள் காலையில் பாய்லர் அண்ணன் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து, பாய்லர் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"யாருப்பா இது?" என்றார் இடி.

"அத்தை சார். மூட்டு வலி. பாய்லர் சூட்டுக்கு இதமா இருக்கும், கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன், நீங்கதானே தலையாட்டினீங்க?"

இல்லை என்றால், ஏன் என்று கேட்பார்கள். நீங்கள் சொன்னது கேட்கவில்லை என்று சொல்ல வேண்டி வரும். இடி விழுங்கிக்கொண்டு, "சூடு போதுதா அம்மா?" என்றார்.

"சூடு போதும் தம்பி. மாப்பிள்ளைகிட்ட ஒரு டீ சொல்லச் சொல்லு," என்றார் அத்தை.

அந்த வாரமே துணி வேன் ஓட்டும் அண்ணன் தம்பி இருவரும் ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிக்கப் பிடிக்கவில்லையாம். தனித்தனியாக வந்து கேட்டிருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் தலையாட்டியிருக்கிறார். இடதுபுறக் கண்ணாடி திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால், அண்ணன் இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம் "வண்டி வருதான்னு பாருடா," என்று திரையைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. தம்பி பதில் சொல்ல வேண்டியிருந்தது. முன்னைவிட அதிகமாகப் பேசிக்கொண்டார்கள்.

இடி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மெலிந்தார். அடுத்தது என்ன வரும் என்று தெரியாமல் காலையில் ஆலைக் கதவைத் திறக்கவே பயந்தார். ஆனால் அறைக்கு வரிசை மட்டும் குறையவில்லை. ஆட்கள் வேலையை விட்டுப் போவது நின்றது. தலைமை அலுவலகம் பாராட்டு அனுப்பியது.

அப்போதுதான் மடிப்பு அக்கா அறைக்குப் போனார். மடிப்பு மேசையின் தலைவி அவர். கூடத்தில் இடிக்கு அடுத்தபடி மூத்தவர். விரிப்பை உதறினால் கோடு போட்டதுபோல விழும். அநாவசியமாக உதட்டைக்கூட அசைக்காதவர்.

"அக்கா வந்தாங்க தம்பி," என்று இடி வாசலில் டீ குடிக்கும்போது சொன்னார். "உக்காந்த உடனே துண்டை எடுத்து மூஞ்சியப் பொத்திக்கிட்டாங்க. அழுத மாதிரியும் தெரியல, துண்டு குலுங்கவே இல்ல. சின்னதா ஏதோ சொல்லிட்டு இறக்கிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வழக்கமா சொல்றதுதான்."

சில நாளில் சேதி வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வருகிறார், பயிற்சி மேடமும் கூட வருகிறார், ஓர் ஆலோசனையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். அன்று மடிப்பு மேசையிலிருந்து அக்கா கூடத்தின் குறுக்கே என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

"நான்தான் சொன்னேன் தம்பி."

"என்ன சொன்னீங்க?"

"சாருக்குக் காது கேக்கலன்னு."

எனக்குக் கையிலிருந்த துணி நழுவியது.

"சந்தேகம் ரொம்ப நாளா இருந்துச்சு," என்றார் அக்கா. "துண்டுக்குப் பின்னால இருந்து அவர்கிட்டயே கேட்டேன். சார், உங்களுக்குக் காது கேக்கல, மேலிடத்துல சொல்லட்டுமான்னு. மனசு சொல்றதைச் செய்யுங்கன்னாரு. நான் என்ன பண்ணுவேன்?" விரிப்பை உதறினார். அது கோணலாக விழுந்தது. நான் பார்த்து அவர் கோணலாக மடித்தது அன்றுதான்.

இடியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"என்கிட்டயே கேட்டாங்களா?"

"ஆமா சார்."

"நான் சரின்னேனா?"

"ஆமா சார்."

"அப்ப அவங்க மேல தப்பில்லையே," என்றார். பிறகு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கூடத்தை விட்டா எனக்கு வேற இடம் தெரியாது தம்பி. வெளிய எல்லாரும் உதட்டை முழுங்கிட்டுப் பேசுறாங்க."

ஒரு திட்டம் போட்டோம். அதிகாரி பரீட்சை வைக்க விசிலை ஊதச் சொல்லுவார். அறைக்குள் கைப்பிடிக் கம்பி கிடையாது. நான் புத்தகத்தோடு ஓரமாக உட்கார்ந்திருப்பேன், விசில் ஊதினால் புருவத்தை உயர்த்துவேன். வீட்டில் மனைவி பின்னால் நின்று தட்டைத் தட்ட, நான் புருவத்தை உயர்த்த, இவர் "விசில்!" என்று எழுந்து ஓட, ஒத்திகை பார்த்தோம். மூன்றுபேரும் களைத்துப்போனோம். "ஒழுங்கா டாக்டர்கிட்டப் போயிருந்தா தட்டாவது நசுங்காம இருந்திருக்கும்," என்றார் அந்த அம்மா.

அதிகாரி வந்தார். அகலமான ஆள், கழுத்தை இறுக்கும் டை. அறைக்குள் நுழைந்ததும் எனக்கும் இடிக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் முதுகு குறுக்கே மறைத்தது, எனக்கு இடி போனார், இடிக்கு என் புருவம் போனது. பயிற்சி மேடம் சுவரோரம் கண்கள் பளபளக்க நின்றார்.

"யாராவது ஒரு ஊழியர் வரட்டும். நிஜமான பிரச்சினையா இருக்கணும்," என்றார் அதிகாரி.

மடிப்பு அக்கா தானாகவே வந்து உட்கார்ந்தார். இடியின் முகத்தை நேராகப் பார்த்தார். பேசத் தொடங்கினார். ஆலைப் பழக்கம், குரல் வரவில்லை. உதடுகள் மட்டும் அகன்று, குவிந்து, நடுங்கி ஓடின. இடி முன்னால் குனிந்து கேட்டார். அவரும் உதட்டாலேயே பதில் சொன்னார்.

அதிகாரி முதலில் தலையைச் சாய்த்தார். பிறகு ஒரு காதைத் தேய்த்தார். பிறகு மற்றக் காதை. பயிற்சி மேடத்தைப் பார்த்தார். அவர் பக்தியோடு உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அதிகாரி மெல்ல என் பக்கம் திரும்பி, "தம்பி, அவங்க பேசுறாங்களா?" என்று கிசுகிசுத்தார்.

அதிகாரிகளைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பதற்றத்தில் பழக்கம் முந்திக்கொண்டது.

"பேசுறாங்க சார்," என்றேன், உதட்டால் மட்டும்.

அந்த மனிதரின் முகம் வெளுத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஆட்டினார். டையைத் தளர்த்தினார். அடுத்தவர் காதைச் சோதிக்க வந்த இடத்தில் தன் காதைத் தொலைத்துவிட்டவரைப்போல நாற்காலியில் சரிந்தார்.

அந்த நேரத்தில் விசில் ஊதியது. பரீட்சை விசில் அல்ல, யாரும் ஊதச் சொல்லவில்லை. துணிச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு வந்தது.

"கேக்குது!" என்று அதிகாரி துள்ளி எழுந்தார். "எனக்குக் கேக்குது!"

அவர் எழுந்ததால் எனக்கு இடி தெரிந்தார். இடி அசையவில்லை. அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேச்சை நிறுத்தி 'விசில்' என்று ஒரே ஒரு சொல்லைக் காட்டினார். அப்புறம்தான் இடி எழுந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு போய் "ஏய்!" என்றார். கூடம் சிலையானது. அக்கா அவரைத் தாண்டி ஓடி நீராவியை அடைத்தார். நாங்கள் எல்லோரும் பாய்லர் அறைக்கு ஓடினோம்.

அங்கே அத்தை விசில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரமா ஒரு டீ கேட்டுக் கூப்பிடறேன்?" என்றார். "போறவங்க வர்றவங்க எல்லாம் வாயை வாயை ஆட்டுறாங்களே ஒழிய ஒருத்தராவது பேசுறாங்களா? அதான் இழுத்தேன்."

"அத்தை!" என்று பாய்லர் அண்ணன் தலையில் கைவைத்தார்.

அதிகாரி தன் நிலைக்கு வந்துவிட்டார். டையை இறுக்கிக்கொண்டு இடியின் எதிரே வந்து நின்றார்.

"விசில் உங்க காதுல விழுந்துச்சா?"

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் கூடம் முழுக்கக் கூடி நின்றது. விசிலுக்காக எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டதால் என்றும் இல்லாத அமைதி. அந்த அமைதியில் அத்தனை உதடுகளும் ஒன்றாக அசைந்தன. 'விழுந்துச்சுன்னு சொல்லுங்க சார்.' பாய்லர் அண்ணன் சொன்னார். வேன் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் நின்று சொன்னார்கள். கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடிப்பு அக்காவும் சொன்னார்.

இடி அக்காவையே பார்த்தார்.

"இல்ல சார். விழல," என்றார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. கூரைத் தகரம் அதிர்ந்தது. "அக்காவுக்குத் தூக்கம் வர்றதில்லையாம். என்னைக்காவது நிஜமாவே விசில் ஊதி, நான் சும்மா நின்னு, உருளைகிட்ட நிக்கிற பொண்ணுங்க வெந்துட்டா என்ன பண்றதுன்னு பயமாம். அதைச் சொன்னா என் சோத்துல மண்ணாயிடும்னும் பயமாம். ரெண்டு பயத்தையும் வச்சுக்கிட்டுத் தவிச்சிருக்காங்க. இதையெல்லாம் இப்பதான் மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க. முன்னாடி துண்டுக்குப் பின்னால சொன்னப்ப, கேக்காமலே சரின்னுட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் சரின்னேன். நீங்க யாரும் என்ன சொன்னீங்கன்னே எனக்குத் தெரியாது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார்.

"அப்ப நான் வீட்டை வித்தது?" என்றார் கணக்குப்பிள்ளை.

"வீட்டை வித்துட்டீங்களா?" என்றார் இடி.

பயிற்சி மேடம் கைக்குட்டையை எடுத்தார். முகத்தருகே கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, இறக்கிக்கொண்டார். "சொன்னதை எவ்வளவு அழகாத் திருப்பிச் சொன்னாரு," என்று அதிகாரியிடம் சொன்னார்.

அதிகாரி இடியின் முழங்கையைத் தொட்டு, "உங்களைக் கொஞ்சம் தனியாப் பாக்கணும்," என்றார். இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். சீட்டு கிழிகிறது என்று எல்லோரும் நினைத்தோம். கதவு மூடியிருந்த நேரம் முழுக்க அக்கா விரிப்பை எடுத்து மடித்தார், பிரித்தார், மடித்தார். அதிகாரி வெளியே வந்தபோது டை கையில் இருந்தது, மூக்கு சிவந்திருந்தது. காது போய்விட்டதென்று நினைத்த அந்தச் சில நிமிஷங்களில் அவருக்கு என்னென்ன ஞாபகம் வந்ததோ, இடி இன்றுவரை சொல்லவில்லை.

முடிவு பிறகு வந்தது. விசில் கேட்காதவர் கூடத்தில் மேற்பார்வை பார்க்கக் கூடாது என்பது விதி. உள்ளறை கூடம் ஆகாது. ஆகவே இடி கூடத்தை விட்டு இறங்க வேண்டும், மடிப்பு அக்கா மேற்பார்வையாளர். இடி எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து முழுநேர ஆலோசகர். காது கேட்காத ஒருவரைக் கேட்பதற்கென்றே சம்பளம் கொடுத்து உட்கார வைத்த நிறுவனம் வேறு எங்காவது இருக்குமா, எனக்குத் தெரியாது. பயிற்சிப் புத்தகத்தில் 'சாய்வாக உட்காரவும்' என்ற வரியை மேடம் அடித்துவிட்டார். துண்டுகளைச் சோபாவிலிருந்து எட்டாத மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கைக்குட்டைகள் வைத்தார்கள். விசிலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கும் பொருத்தினார்கள். அக்காவுக்கு ஏய் சொல்லக் குரல் கிடையாது. யாராவது உருளைக்குக் கையை நீட்டினால், நனைந்த தலையணை உறையை உருட்டிக் குறிபார்த்து எறிவார். இதுவரை தப்பியதில்லை. அத்தைக்கு நேரத்துக்கு டீ போகிறது.

கைப்பிடிக் கம்பியை விட்டுப் பிரிந்த சோகம் இடிக்குக் கொஞ்ச நாள் இருந்தது. உள்ளறையில் உட்கார்ந்து சோபாக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஒரு மத்தியானம் அவருடைய மனைவி ஆலைக்கு வந்தார். சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் ஒன்றும் இல்லை. வரிசையில் வேன் தம்பிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"வீட்டுல பேசிக்கக் கூடாதா அண்ணி?" என்றேன்.

"வீட்டுல எனக்கு அடுப்பு, அவருக்கு என் முதுகு," என்றார். "இங்கதான் மூஞ்சியப் பாத்து உக்காருவாராமே. எனக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியது இருக்கு. தப்பான பஸ்ஸுல ஏறின நாளிலிருந்து."

முறை வந்தது, உள்ளே போனார். அவர் ஆலைக்காரர் இல்லை, குரலோடு பேசுகிறவர். ஏதோ கேட்டுவிடுமோ என்று நான் தள்ளிப்போய் நின்றேன். வரிசையில் மிச்சம் இருந்தவர்கள் காத்துப் பார்த்து நாளைக்கு வருகிறோம் என்று போய்விட்டார்கள். வேலை முடியும் நேரமாகி, கூடத்தைப் பூட்ட வேண்டுமென்று அக்கா என்னை அனுப்பினார். தட்டி என்ன பயன் என்று கதவை மெதுவாகத் திறந்தேன்.

அந்த அம்மா பேசி முடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இடி. கைக்குட்டை போதாமல், மேல் அலமாரியிலிருந்து ஒரு குளியல் துண்டை உருவி முகம் முழுக்கப் பொத்திக்கொண்டிருந்தார். துண்டு குலுங்கியது. உள்ளிருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். குரல் இல்லாமல், எங்கே கற்றுக்கொண்டாரோ, வாயை அகலத் திறந்து சொன்னார்:

"இருங்க தம்பி. அவர் முடிக்கட்டும்."